அரை ஆயுள்

செம்பட்டியிலிருந்து திண்டுக்கல் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவின் மடியில் கல்லூரியின் நிலவியல் துறைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய புத்தகங்களும், வெள்ளை மையில் எண் எழுதிய ஒரு கல் துண்டும் இருந்தன.

“அரை ஆயுசு, அரை ஆயுசுன்னு வாய்விட்டுப் படிச்சாளே எம் மக. அப்படிச் சொல்லாதடின்னு நான் ஒரு வார்த்தை தடுத்திருந்தா, அந்தக் காய்ச்சல் அவளக் கொண்டுபோயிருக்குமா?” என்றாள் அக்கா.

என் மகளும் வாய்விட்டுத்தான் படிக்கிறாள்.

“அது அவ ஆயுசு இல்லக்கா. கல்லுக்குள்ள யுரேனியம்னு ஒண்ணு இருக்காம். அது கொஞ்சங் கொஞ்சமா ஈயமா மாறுமாம். பாதி மாற ஆகுற காலந்தான் அரை ஆயுள். எம்புட்டு மாறியிருக்கு, எம்புட்டு மிச்சமிருக்குன்னு பாத்து, கல்லு பொறந்து எத்தன கோடி வருசம்னு சொல்லிருவாகளாம்.”

“எட்டாப்புப் படிச்சவ, ஒனக்கு யாருடி சொன்னா?”

“அவதான். எங்கூடக் கீரை ஆஞ்சுக்கிட்டே சொன்னா.”

அக்கா கல்லைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

“மிச்சப் பாதி?”

“அதுல பாதி போக, திரும்ப அம்புட்டுக் காலம் ஆகும். அப்புறம் அதுலயும் பாதி.”

“முழுசா எப்பத்தான் தீரும்?”

“லேசுல தீராதுக்கா.”

மலைக்கோட்டை தெரிந்ததும் அக்கா புத்தகங்களைத் தங்கையின் மடிக்கு மாற்றினாள். கல்லை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“இத மட்டும் குடுத்துட்டு வா. கல்லு தொலஞ்சுபோச்சுன்னு சொல்லிரு.”