பில்லில் இருந்த நம்பர்

அக்கா: ...அதைக் கீழ போடு. கழுத்து எவ்வளவு இறக்கமா இருக்கு பார். தழும்பு தெரியும்.

தங்கை: இந்தக் குவியல்ல கழுத்து மூடினதே இல்லக்கா.

அக்கா: அடியில கையை விடு. நல்லதெல்லாம் அடியிலதான் போட்டு வச்சிருப்பான். மூணு எடுத்தா ரெண்டுக்குத்தான் காசு, அதனால மூணா எடு.

அண்ணன்: அவளுக்கு வேணுங்கறது ஒண்ணு. நீ மூணு எடுக்கறே.

அக்கா: டேய், நீ பையைப் பிடிச்சுட்டு சும்மா நில்லு. நீ துணி எடுக்கற லட்சணம் உன் சட்டையிலேயே தெரியுது.

அண்ணன்: இது நீ எடுத்துக் குடுத்த சட்டைக்கா.

அக்கா: ...நல்லாத்தான் இருக்கு.

தங்கை: இந்த கவுனைப் பாருங்க. நாலு வயசுக்குன்னு போட்டிருக்கு. பாதி விலை.

அண்ணன்: ...சின்னு, பிள்ளை மாப்பிள்ளைகிட்ட இருக்கா. இதை வாங்கி...

அக்கா: நீ எடுத்துக்கோ சின்னு. வீட்டை விட்டு வந்து பதினேழு நாளா மூலையில உக்காந்து அழுதுட்டு இருந்தவ. இன்னிக்கு ஒரு நாள் ஆசைப்பட்டதை எடுக்கட்டும். அதுக்குத்தானே வந்தோம்.

அண்ணன்: நான் வேண்டாம்னுதான் சொன்னேன். வெளிய தலை காட்டாம இருந்தாலே போதும்னு சொன்னேன். ரோட்டுல மஞ்சள் ஹெல்மெட் போட்டுட்டு யார் போனாலும் மாப்பிள்ளைதானோன்னு நின்னு பார்க்கறேன்.

அக்கா: அவர் வீடு முக்கால் மணி நேரத் தூரம்டா. வீட்டு வாசல்லயே அவரோட ஜெராக்ஸ் கடை. இவ வந்துடுவாளோ, பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிடுவாளோன்னு பதினேழு நாளா வாசலை விட்டு அந்த மனுஷன் அசையலையாம். அவருக்கு மேல மாடி வீட்டுல இருக்கற டீச்சர்தான் சொன்னாங்களே.

அண்ணன்: அசையாத ஆளுங்கதான் திடீர்னு அசைவாங்க.

அக்கா: வாயைக் கழுவு. சரி, எனக்குப் போன வாரம் எடுத்த துணி ஒண்ணு மாத்தணும். அதுக்கு அஞ்சாவது மாடி போகணும், அங்க வரிசை எவ்வளவு நீளமோ. நீங்க பில் போட்டுட்டு எதிர் ஹோட்டல்ல போய் உக்காருங்க.

அண்ணன்: போனை ஆன்ல வை.

அக்கா: அது காலையிலயே செத்துடுச்சு. சார்ஜ் இல்ல.

தங்கை: ...பார்த்துப் போக்கா.

அக்கா: மாடிக்குத்தான்டி போறேன்.

அண்ணன்: நீ பில் போடு சின்னு. நான் வாசல்ல நின்னு ரோட்டைப் பார்த்துட்டு இருக்கேன்.

.

அண்ணன்: இந்த இடம் வேண்டாம். உள்ள அந்தத் தூணுக்குப் பின்னாடி உக்காரலாம்.

தங்கை: ஜன்னல் ஓரம் காத்து வருதுண்ணா.

அண்ணன்: காத்து மட்டுமா வருது? ரோடு முழுக்க உன் மூஞ்சி தெரியுது.

தங்கை: அக்கா வெளிய வந்தா நமக்குத் தெரியணும்ல. உக்காரு. சூப் சொல்லிட்டேன். ரெண்டு.

அண்ணன்: எனக்குப் பசியே இல்ல... பில்லைக் குடு. தள்ளுபடியை ஒழுங்கா கழிச்சிருக்கானான்னு பார்க்கறேன்.

தங்கை: அதெல்லாம் சரியாத்தான் இருக்கும். விடு.

அண்ணன்: குடு... மூணு மேல்துணி... ஒரு கவுன்... ம். எல்லாத்துக்கும் மேல இன்னொரு பத்து சதவீதம் குறைச்சிருக்கான். எதுக்கு? ...இது யார் நம்பர்?

தங்கை: எது?

அண்ணன்: பில்லுக்கு மேல போட்டிருக்கே. எழுபத்தெட்டுல முடியறது. சின்னு... இது மாப்பிள்ளை நம்பர்.

தங்கை: நம்பர் சொன்னா இன்னும் பத்து சதவீதம் குறையும்னு கவுன்ட்டர்ல கேட்டாங்க...

அண்ணன்: அதுக்கு?

தங்கை: எட்டு வருஷமா எந்தக் கடையில கேட்டாலும் அவர் நம்பரைத்தானே சொல்றேன். என் நம்பரைச் சொல்ல அவர் விட்டதே இல்ல. வாய் தானா சொல்லிடுச்சுண்ணா.

அண்ணன்: ஐயோ. பில் போட்ட நிமிஷமே அவருக்கு மெசேஜ் போயிருக்கும். எந்தக் கடை, எந்தத் தெரு, எத்தனை மணி... என்ன வாங்கினோம்னுகூடப் போயிருக்கும். நாலு வயசு கவுன். வேற யாருன்னு நினைப்பார்? எந்திரி.

தங்கை: அக்காவை அந்தக் கடைக்குள்ள விட்டுட்டா போறது?

அண்ணன்: நான் ஓடிப் போய்க் கூட்டிட்டு வரேன்.

தங்கை: என்னை இங்க தனியா உக்கார வச்சுட்டா?

அண்ணன்: அப்ப ரெண்டு பேரும் போவோம்.

தங்கை: எனக்குக் கால் வரலண்ணா. கொஞ்ச நேரம் இரு... உன் போன் அடிக்குது.

அண்ணன்: ...அவர்தான்.

தங்கை: எடு.

அண்ணன்: எடுத்து என்ன சொல்ல?

தங்கை: எடுக்கலன்னா சந்தேகம் வரும். நான் உன்கூட இல்லைன்னு சொல்லு. அவ்வளவுதான்.

அண்ணன்: ...அலோ. சொல்லுங்க மாப்பிள்ளை. ...நானா? வீட்லதான். ...சத்தமா? அது டிவி. ...ஆமா, ஹார்ன் சத்தமும் டிவியிலதான் வருது. ...இல்லையே, அவ இங்க இல்லையே. கடைக்கெல்லாம் அவ வரல. ...நீங்க கடையைப் பத்திக் கேக்கலையா? ...இல்ல, நான் சும்மா ஒரு பேச்சுக்கு... மாப்பிள்ளை... அலோ... அலோ.

தங்கை: என்ன சொன்னார்?

அண்ணன்: சிரிச்சார்.

தங்கை: அப்புறம்?

அண்ணன்: 'அங்கேயே இருக்கச் சொல்லுங்க, வரேன்'னார். வச்சுட்டார். சின்னு, நானே உன்னைக் காட்டிக் குடுத்துட்டேன்.

தங்கை: விடுண்ணா.

அண்ணன்: எப்படி விடறது? எனக்கெல்லாம் எதுக்கு ஒரு தங்கச்சி? போன தடவை அவர் என் காலரைப் பிடிச்சப்ப உன் முன்னாடி நின்னேனே, தொடை ரெண்டும் நடுங்குச்சு. உனக்குத் தெரிஞ்சிருக்கும்.

தங்கை: தெரிஞ்சுது. ஆனா நீ நகரலையே. அன்னிக்கு நீ நகர்ந்திருந்தா நான் இன்னிக்கு இந்த ஹோட்டல்ல உக்காந்திருக்க மாட்டேன்... சூப்பைக் குடி.

அண்ணன்: உனக்குப் பயமே இல்லையா?

தங்கை: கையைத் தொட்டுப் பாரு.

அண்ணன்: ...ஐஸ் மாதிரி இருக்கு.

தங்கை: அண்ணா, அவர் வந்தா தனியா வருவாரா?

அண்ணன்: ஆள் சேர்த்துட்டு வருவார்னு நினைக்கறியா?

தங்கை: எனக்குத் தெரியல. தனியா வந்தாப் போதும்.

அண்ணன்: அவர் ஒருத்தரே போதுமே நம்ம ரெண்டு பேரையும்... இந்த அக்கா எங்கதான் போய்த் தொலைஞ்சா? ஒரு துணியை மாத்த ஒரு மணி நேரமா? அங்கயும் நின்னு பேரம் பேசிட்டு இருப்பா.

தங்கை: வந்துடுவா.

அண்ணன்: அவளுக்கு இங்க நடக்கறது எதுவுமே தெரியாது, பாவம்... சின்னு.

தங்கை: என்ன?

அண்ணன்: திரும்பாதே. மஞ்சள் ஹெல்மெட்.

தங்கை: ...அவரா?

அண்ணன்: கடை வாசல்ல வண்டியை நிறுத்தறார். அவரேதான்.

தங்கை: பின்னாடி யாரு உக்காந்திருக்கா?

அண்ணன்: யாரும் இல்ல.

தங்கை: முன்னாடி? டேங்க் மேல? நல்லா பாருண்ணா.

அண்ணன்: டேங்க் மேல யாரு உக்காருவா? யாரும் இல்ல. தனியாத்தான் வந்திருக்கார்.

தங்கை: கையில யாரையும் பிடிச்சிருக்கலையே?

அண்ணன்: ஹெல்மெட்டைத்தான் பிடிச்சிருக்கார்... ஏய், ஏன் அழறே?

தங்கை: சூப் சூடா இருக்கு.

அண்ணன்: அது ஆறி அரை மணி நேரம் ஆச்சு... உள்ள போறார். சின்னு, அக்கா உள்ள இருக்கா. நான் போறேன். அடிச்சா என்னை அடிக்கட்டும்.

தங்கை: உக்காரு.

அண்ணன்: கையை விடு.

தங்கை: அக்காவுக்கு ஒண்ணும் ஆகாது. அஞ்சு மாடிக் கடை, ஒவ்வொரு மாடியா ஏறுவார். துணி போட்டுப் பார்க்கற ரூம் கதவையெல்லாம் தட்டுவார். அதுக்கே நேரம் ஆகும். நீ இன்னும் பத்து நிமிஷம் என்கூட உக்காரு.

அண்ணன்: எதுக்குப் பத்து நிமிஷம்? உனக்கு மூளை கலங்கிடுச்சா?

தங்கை: இங்கேயே இருண்ணா. உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்.

அண்ணன்: பத்து நிமிஷம் ஆச்சு... வெளிய வந்துட்டார். அக்கா கூட இல்ல.

தங்கை: எந்தப் பக்கம் பார்க்கறார்?

அண்ணன்: பஸ் ஸ்டாப் பக்கம்... இப்ப இந்தப் பக்கம். சின்னு, ஜன்னலைப் பார்க்கறார். நம்மளைப் பார்த்துட்டார்.

தங்கை: பார்க்கட்டும்.

அண்ணன்: வண்டியை எடுக்கல. ரோட்டைத் தாண்ட நிக்கறார். பஸ் போகுது, அது போனா வந்துடுவார்... இப்ப போய் போனை எடுத்து என்னத்தைப் பார்க்கறே?

தங்கை: அக்கா மெசேஜ். எந்திரி, போலாம். கை கழுவற இடத்துக்குப் பக்கத்துல இன்னொரு வாசல் இருக்கு. அந்தப் பக்கம் ஆட்டோ நிக்கும்.

அண்ணன்: அக்கா போன்தான் செத்துடுச்சே. அவ மாடியில...

தங்கை: மாடியிலதான் இருந்தா. கடை மாடியில இல்ல, டீச்சரோட மாடி வீட்டுல. அவர் வெளிய இறங்கினா பிள்ளையை டீச்சர்கிட்டத்தான் விட்டுட்டு வருவார். இப்ப அக்கா பிள்ளையோட பஸ் ஏறிட்டா. வேகமா நட.

அண்ணன்: அப்ப அந்த நம்பர்... வாய் தவறிச் சொல்லலையா?

தங்கை: படி இருக்கு, பார்த்து.

அண்ணன்: ரெண்டு பேரும் சேர்ந்துட்டு... என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சின்னு. பயத்துல பாதி உயிர் போயிடுச்சு எனக்கு.

தங்கை: சொல்லியிருந்தா நீ போன்ல தைரியமா பேசியிருப்பே, அண்ணா. அப்புறம் அவர் பிள்ளையை விட்டுட்டு வாசலை விட்டு இறங்கியிருப்பாரா?