சாம்பா சிலுப்பாத தலை

ரொம்பக் காலத்துக்கு முந்தி, இந்தக் கம்மாயில ஆனை முங்குற தண்ணி நின்ன காலத்துல, நம்ம பூமாலைப்பட்டியில விருமாயின்னு ஒருத்தி இருந்தாளாம். அவ என் பொறந்த வீட்டு ஆளு, எனக்குப் பூட்டி முறை. அதனால நான் அவ பக்கம்தான் பேசுவேன். பிடிக்காதவுக எந்திரிச்சுப் போய் அடுப்புக்கு வெறகு தள்ளலாம். சோறு வேக இன்னும் நேரமிருக்கு.

விருமாயிக்குப் புருசன் இல்ல. இருந்தது ஒரு மக, ஒரு கோழி. மக தலைப்பிரசவத்துக்கு வந்து, மாசம் நெறஞ்சு கெடந்தா. கோழி பேரு சாம்பா. அது அப்பத்தான் குஞ்சு பொரிச்சு எறக்கியிருந்துச்சாம். பிள்ளையும் கையுமா மகளை அனுப்பையில குடுத்துவிட அந்தக் குஞ்சுகள விட்டா வேற ஒண்ணுமில்லையாம். தாய்க்கோழி போச்சுன்னா குஞ்சுகளப் பருந்து வச்சிருக்குமா? வச்சிருக்காதுல்ல.

ஒரு நாள் காலையில சாம்பா தலையைச் சிலுப்ப ஆரம்பிச்சிருச்சாம். நின்னா ஒரு சிலுப்பு. நடந்தா ஒரு சிலுப்பு. கழுத்தை நீட்டி நீட்டி, இங்கிட்டு ஒரு சிலுப்பு, அங்கிட்டு ஒரு சிலுப்பு.

நம்ம ஊரு வழக்கம் வெளியூர்க்காரவுகளுக்குத் தெரியாது, சொல்றேன். இந்தக் கம்மாக் கரைமேல இருக்குற ஆத்தாவுக்குக் கோழி அறுக்குறதுன்னா முதல்ல தண்ணி தெளிக்கணும். கோழி தலையைச் சிலுப்புனா ஆத்தா உத்தரவு குடுத்துட்டான்னு அர்த்தம். சிலுப்பலையா, அறுக்கக்கூடாது.

சாம்பா சிலுப்புற நேரம் பார்த்து அந்தப் பக்கமா வந்தாராம் சின்னாண்டி பூசாரி. அவரு யாருன்னு கேளுங்க. எங்க வீட்டுக்காரருக்குப் பூட்டன். நல்ல மனுசன்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனா கோழிக் கொழம்புன்னா கண்ணு தெரியாது, காது கேக்காது. அந்த வம்சமே அப்படித்தான்.

"அடி விருமாயி, தண்ணி தெளிக்காமலே உத்தரவு குடுக்குதே உன் கோழி. ஆத்தா வாய்விட்டுக் கேக்குறா தாயி"ன்னாராம்.

விருமாயி சாம்பாவைப் பார்த்தா, மகளைப் பார்த்தா. ஆத்தா கேட்டா இல்லைன்னு சொல்ல முடியுமா? அதுவும் மக வயித்துல பிள்ளையோட இருக்கையில? அழுகை வந்துச்சாம். ஆனா அழுகல.

"பூசாரியண்ணே, ஒரு சந்தேகம். நோவு புடிச்ச கோழி ஆத்தாவுக்கு ஆகுமா?"

"ஆகாது. கொற இருக்கக்கூடாது."

"இது நோவுச் சிலுப்பாக்கூட இருக்கும்ல. அப்பக் கோழி தேறட்டும். செவ்வாக்கெழமை வந்து தண்ணி தெளிங்க. அன்னைக்கும் சிலுப்புச்சுன்னா நானே தூக்கிக் குடுக்குறேன்."

பூசாரி "சரி, செவ்வாக்கெழமை"ன்னு போயிட்டாராம். போகையில கொழம்புக்கு மல்லி வறுக்கச் சொல்லிட்டுத்தான் போனாருன்னு சொல்லுவாக.

விருமாயி சாம்பாவைத் தூக்கி மடியில வச்சா. கொண்டையைப் பார்த்தா, கறுக்கல. கண்ணைப் பார்த்தா, தெளிவா இருக்கு. பின்னாடி தூக்கிப் பார்த்தா, வெள்ளைக் கழிச்சலும் இல்ல. அலகைப் பிரிச்சு மோந்து பார்த்தா, புளிச்ச கஞ்சி வாடை அடிச்சுச்சாம். கழுத்துக்குக் கீழ இரைப்பையைத் தடவிப் பார்த்தா, கெட்டியா இருக்கு. விடியக் காலையில, ஒண்ணும் திங்கிறதுக்கு முந்தி, கோழிக்கு இரைப்பை வத்திக் கெடக்கணும். இது களி உருண்டை கணக்கா இருக்கு.

"அடியே சாம்பா, உனக்கு ஆத்தா உத்தரவும் இல்ல, அய்யன் உத்தரவும் இல்ல. எதையோ முழுங்கிட்டு முழிக்கிற நீ"ன்னாளாம்.

குஞ்சுகளப் பஞ்சாரக் கூடைக்குள்ள போட்டுக் கவுத்தா. சாம்பாவை மடியில போட்டுக்கிட்டு வெளக்கெண்ணெயைக் கொஞ்சங் கொஞ்சமா அலகுல விட்டா. இரைப்பையை மெல்ல மெல்லப் பெசஞ்சா. வெதுவெதுன்னு தண்ணி குடுத்தா, திரும்பப் பெசஞ்சா. தானியம் ஒண்ணும் குடுக்கல. பஞ்சாரத்துக்குள்ள குஞ்சுக கீச்சுகீச்சுன்னு கத்துதாம். "பொறுங்கடி, உங்காத்தா வருவா"ன்னு சொல்லிக்கிட்டே பெசஞ்சாளாம்.

பெசஞ்சு பெசஞ்சு, சாம்பா ஒரு தடவை புளிச்ச தண்ணியக் கக்குச்சு. நாக்குக்கு அடியில என்னமோ வெள்ளையாத் தெரிஞ்சுச்சு. விருமாயி ரெண்டு வெரலால புடிச்சு, அவசரப்படாம இழுத்தா. வருது, வருது, வந்துக்கிட்டே இருக்கு. பூராம் கத்தாழை நாரு. ஒரு சுருட்டு நாரு.

அந்த ஊருல அந்த வாரம் கத்தாழை நாரு திரிச்சது ஒரே ஆளு. கோயில் மணிக்குக் கயிறு திரிக்கிறேன்னு சொல்லி, வாசல் பூரா நாரை எறச்சுப் போட்டிருந்தவரு நம்ம சின்னாண்டி பூசாரி.

விருமாயி நாரைக் கழுவிக் காயப்போட்டா. யாருகிட்டயும் மூச்சு விடல. சாம்பாவுக்கு நீச்சத்தண்ணியும் மோரும் குடுத்தா, அப்புறம் கொழைய வேகவச்ச சோறு. தினமும் எண்ணெய் போட்டுத் தடவுனா. சிலுப்பு நின்னுச்சு. குஞ்சுகளைக் கூட்டிக்கிட்டு குப்பையைக் கிண்ட ஆரம்பிச்சிருச்சு. மக கூட வயித்தைப் புடிச்சுக்கிட்டு சிரிச்சாளாம்.

செவ்வாக்கெழமை வந்துச்சு. ஊரே கோயில்ல கூடிருச்சு. விருமாயி சாம்பாவைக் கொண்டுவந்து ஆத்தா முன்னால எறக்கி விட்டா. பூசாரி ஒரு கை தண்ணி தெளிச்சாரு. சாம்பா சும்மா நிக்குது. இன்னொரு கை தெளிச்சாரு. சும்மா நிக்குது. செம்போட ஊத்துனாரு. தண்ணி முதுகுல விழுந்து உருண்டு உருண்டு கீழ ஓடிப்போச்சு, ஒரு சொட்டு ஒட்டல. சாம்பா பூசாரியை ஒரு பார்வை பார்த்துச்சு, அவரு கால் விரலுக்குப் பக்கத்துல கெடந்த அரிசியைக் கொத்துச்சாம்.

சனம் கொல்லுன்னு சிரிச்சிருச்சு.

"ஆத்தா வேண்டாங்குறா"ன்னு பூசாரியே சொல்ல வேண்டியதாப் போச்சு. அப்பத்தான் விருமாயி மடியில இருந்து அந்த நாரை எடுத்து நீட்டுனாளாம். "பூசாரியண்ணே, இந்தாங்க உங்க உத்தரவு."

பூசாரி நாரை வாங்கிப் பார்த்தாரு. அவரும் சிரிச்சிட்டாரு. அதுக்காக அவரை எனக்குப் பிடிக்கும். அன்னைக்குப் பூசணிக்காய அறுத்து ஊருக்கே கொழம்பு வச்சாகளாம். வறுத்த மல்லி வீணாப் போகல. சோறு எறக்கையில மகளுக்கு வலி வந்து, ஆத்தா புண்ணியத்துல சுகப்பிரசவம். அந்தப் பிள்ளை வம்சம்தான் நான்.

நீங்க கேப்பீக, தண்ணி ஊத்துனா எந்தக் கோழியும் சிலுப்புமே, சாம்பா ஏன் சிலுப்பலைன்னு. எண்ணெய்தான் காரணம். தோலுல தண்ணி படல. இரைப்பைக்குத் தடவுன எண்ணெய் வாலு வரைக்கும் எப்படிப் போச்சுன்னு எனக்குத் தெரியாது. விருமாயியும் சாகுற வரைக்கும் சொல்லலையாம்.

அன்னையில இருந்துதான் இந்தக் கோயில்ல தண்ணி தெளிக்கிறதுக்கு முந்தி பூசாரி கோழியோட இரைப்பையைத் தடவிப் பார்க்கணும்னு ஆச்சு. கெட்டியா இருந்தா வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்தியம் பாருன்னு அனுப்பிருவாக. வெளியூரு சனம் அந்தத் தடவுறதை ஆத்தா ஆசீர்வாதம்னு நெனைச்சுக்குது.

இப்பப் பூசாரி எங்க வீட்டுக்காரரு. அங்க பாருங்க, கோழியைத் தடவிட்டாரா? இப்பக் கையை மூஞ்சிக்கிட்ட கொண்டு போறாரு பாருங்க. கண்ணுல ஒத்திக்கிறாருன்னு நெனைச்சுக் கும்பிடாதீக. வெளக்கெண்ணெய் வாடை அடிக்குதான்னு மோந்து பாக்குறாரு.