சாப்பிட்டாளா என்று கேட்டான்

ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது சார். எங்கள் ஊர் இனயத்தில் இவ்வளவு இஞ்சி போடமாட்டார்கள்.

மாதா கோயில் மாடியில் உள்ள வயர்லெஸ் அறையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது என் பொறுப்பில் இருந்தது. கடலில் நிற்கும் மீன்பிடி வள்ளங்களோடு பேசி, வீட்டுக்காரர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும். காற்று சற்றுப் பலமானால் பெண்கள் படியேறி வந்துவிடுவார்கள். ஒன்றும் கேட்கவில்லை என்று சொன்னால், அவர்கள் இறங்கிப்போவதைப் பார்க்கத் தாங்காது. அதனால், வந்துகொண்டிருக்கிறார்கள் என்று சொல்லிப் பழகினேன். பெரும்பாலும் வந்தும் சேர்ந்தார்கள். மனிதன் தனக்காகப் பொய் சொல்வதாக நினைக்கிறார்கள். அப்படியில்லை. எதிரே நிற்கிற முகத்துக்காகத்தான் சொல்கிறான்.

புயல் ஓய்ந்த காலையில் ததேயுஸின் வள்ளம் மட்டும் வரவில்லை. அதில் அவனும் ஜாஸ்பரும் இருந்தார்கள். ததேயுஸின் மனைவி அஜிதா வந்து வாசலில் நின்றாள். முந்தின நாளிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள்.

"கிளீட்டஸண்ணே, வல்லதும் கேட்டியளா?"

ஏதாவது கேட்டதா என்றால், கருவியில் இரைச்சல் மட்டும்தான் இருந்தது. கேட்டேன் என்றேன். குமரிமுனைக்குத் தெற்கே எஞ்சின் நின்று கிடக்கிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை, நீ சாப்பிட்டாயா என்றுகூட அவன் கேட்டான் என்றேன். அவள் அங்கேயே உட்கார்ந்து, யாரோ கொடுத்த இரண்டு இட்லியைத் தின்றாள். அதில் என்ன குற்றம் இருக்கிறது?

எங்கள் ஊரில் அதிகாரிகளுக்காகக் காத்திருக்கும் வழக்கம் இல்லை. ஆளைக் காணோம் என்றால் ஊர் வள்ளங்களே தேடப் போகும். எந்தப் பக்கம் போவது என்பதை வயர்லெஸ் சொல்லும். எல்லா வள்ளமும் கிழக்கே, குமரிமுனைப் பக்கம் கிளம்பின. ததேயுஸின் தாய்மாமன் ஏசுஅடிமை மட்டும் கரையில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, தண்ணி ஒழுக்கு மேக்கத்தான போவுது. வள்ளம் எப்பிடிலே கெழக்க போச்சு?"

"எஞ்சின் ஓடுனது வர ஓட்டிப் பாத்திருக்கானுவ மாமா."

அவர் கடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வள்ளத்தில் ஏறினார். அந்தப் பதில் எனக்கே நம்பும்படி இருந்தது.

மறுநாள் மதியம் கருவியில் ததேயுஸின் குரல் வந்தது. அறையில் நான் மட்டும் இருந்தேன். பேட்டரி தீரப்போகிற குரல். ஆனால் வார்த்தை தெளிவு.

"அண்ணே, விழிஞ்ஞத்துக்கு மேக்க கெடக்கோம். எஞ்சினு முங்கிப் போச்சு. குடிக்க வெள்ளமில்ல. கேக்கியளா?"

விழிஞ்ஞம் கேரளக் கரை, குமரிமுனைக்கு நேர் எதிர்ப்பக்கம். எங்கள் ஊர் அலைவரிசை அது. தேடப் போனவர்கள் கேட்கும் தூரத்தைத் தாண்டியிருந்தார்கள். அதைக் கேட்டது நான் ஒருவன்தான்.

வள்ளம் மேற்கே ஒதுங்கிவிட்டது என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அதையும் யோசித்தேன். குமரிமுனையிலிருந்து ஒரே நாளில் எஞ்சின் இல்லாமல் அவ்வளவு தூரம் ஒதுங்காது. நீங்கள் நம்புவீர்கள், ஏசுஅடிமை நம்பமாட்டார். கடலில் பாதி ஆயுளைக் கழித்தவர். முதல் நாள் குரல் வரவே இல்லை என்பது அந்த நிமிடமே வெளியே வந்துவிடும். பிறகு அந்த அறைக்கு எந்தப் பெண் படியேறி வருவாள்? யாரை நம்புவாள்?

படியில் அஜிதாவின் காலடி கேட்டது. சத்தத்தைக் குறைத்தேன். அவன் இரண்டு முறை என் பெயரைச் சொன்னான். முழுவதும் குறைத்தேன்.

"வல்லதும் சொன்னாவளா?"

"தைரியமா இருக்கச் சொன்னான் மக்கா."

மூன்று நாள் கழித்துக் கொல்லம் படகுக்காரர்கள் ஜாஸ்பரை உயிரோடு எடுத்தார்கள். ததேயுஸ் முந்தின மாலைவரை உயிரோடு இருந்திருக்கிறான். முதல் நாள் வயர்லெஸ் நனைந்து கிடந்ததாகவும், காய வைத்து மறுநாள்தான் பேசியதாகவும் ஜாஸ்பர் சொல்லிவிட்டான். அதன் பிறகு நான் இங்கே வந்தது உங்களுக்குத் தெரியும். அவன் சொன்னது அத்தனையும் சரி. நான் கேட்டேன், கேட்காதவன்போல் இருந்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

இன்று காலையில் அஜிதா இங்கே வந்திருந்தாள். நீங்கள்தானே உள்ளே விட்டீர்கள். கத்தவில்லை, ஏசவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நான் சாப்பிட்டனான்னு கேட்டாருன்னியளே. அதுவாவது உள்ளதுதானா, பொய்யில்லியே?"

"உள்ளதுதான் மக்கா. கேட்டான்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு போய்விட்டாள். அழவில்லை, கவனித்தீர்களா? அந்த ஆறுதலை அவளுக்குக் கொடுக்க என்னைவிட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?