பதினெட்டில் வைத்துப் பார்

கேமரா வாங்க நினைக்கிறவர்கள் எல்லாரும் முதலில் ஜூம் எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். படம் எப்படி வரும் என்று கேட்பவனை நான் அதிகம் பார்த்ததில்லை. முகேஷ்குமாரும் ஜூமைத்தான் கேட்டான், மேடம். அதிலிருந்து ஆரம்பித்தால்தான் மீதி உங்களுக்குப் புரியும். நிதானமாகவே சொல்கிறேன், அந்த அம்மா எழுதிக்கொள்ளட்டும்.

என் பெயர் ராயப்பராஜ். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் புனிதா ஸ்டுடியோ என்னுடையது. கல்யாணம், புதுநன்மை, காதுகுத்து எல்லாம் எடுப்பேன். ஆனால் ஊர் என்னை அறிந்தது மாட்டுப் படத்தில். தை பிறந்தால் இந்தப் பக்கம் அந்தோணியார் கோயில் ஜல்லிக்கட்டு ஒவ்வொரு ஊராக வரும். மாடு வளர்க்கிறவன் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டின் படமும் தொங்கும். அந்தப் படத்தின் கீழ் மூலையில் என் ஸ்டுடியோ பெயர் இருக்கும்.

முகேஷ் கன்னிவாடிப் பக்கத்துப் பையன். தாயும் மகனுமாகச் சம்பங்கி போட்டிருந்தார்கள். பூ மார்க்கெட்டில் மூட்டையை இறக்கிவிட்டு மொபைலில் மாட்டைப் படம் பிடிக்கப் போய்விடுவான். கல்யாண வயசு ஆள். சிரித்த முகம். அந்தச் சிரிப்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

போன டிசம்பரில் ஒரு மத்தியானம் வந்தான். நான் கடை வாசலில் ஸ்டூல் போட்டு ஏறிக் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டிக்கொண்டிருந்தேன். கேட்காமலே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, ஒரு ரோசனை கேக்கணும். ஒங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா?"

இறங்கி உள்ளே கூட்டிப்போனேன். மொபைலில் இரண்டு கேமராவைக் காட்டினான். ஒன்று பிரிட்ஜ் கேமரா. லென்ஸைக் கழற்ற முடியாது, ஆனால் பயங்கர ஜூம். இன்னொன்று ஆரம்ப நிலை டிஎஸ்எல்ஆர், கூடவே ஒரு சின்ன லென்ஸ்.

"எனக்கு ஜூம்காரனத்தான் புடிச்சிருக்குண்ணே."

"எதுக்குடா அம்புட்டு ஜூம்?"

"அம்மா சத்தியம் வாங்கிருச்சு. மாட்டுக்கிட்ட போகக் கூடாதாம். இதுன்னா கேலரியில ஒக்காந்துக்கிட்டே எடுத்துறலாம்ல?"

அவன் சொன்னது சரி. அவனுக்கு வேண்டிய கேமரா அதுதான். அது எனக்குத் தெரியும், ஏனென்றால் அதே கேமரா என் மேசை டிராயரில் இருந்தது. டிராயர் பாதி திறந்து கிடந்தது. முழங்காலால் தள்ளி மூடினேன்.

ஏன் மூடினேன் என்று கேட்பீர்கள்.

அதற்கு முந்தின தையில் நான் கலெக்‌ஷன் பாயிண்டில் நின்றேன். வாடிவாசலில் அவிழ்த்த மாடு ஓடி முடிகிற இடம் அது. மாட்டுக்காரன் கயிற்றோடு அங்கே காத்திருப்பான். வாடிவாசல் பக்கம் இரண்டு பக்கமும் தடுப்பு உண்டு, கேலரி உண்டு. கலெக்‌ஷன் பாயிண்டில் ஒன்றும் கிடையாது, வெறும் பொட்டல். உடையப்பன் என்பவரின் செவலைக்காளை கயிற்றைப் பார்த்ததும் அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பியது. ஓடினேன். யாராக இருந்தாலும் ஓடத்தான் செய்வான். நின்றுகொண்டிருந்த குட்டி யானை வண்டியில் ஏறப் பார்த்தபோது, பின்கதவுக் கொக்கியில் வேட்டி மாட்டி உருவிக்கொண்டது. டவுசரோடு, கழுத்தில் கேமராவோடு, வாயைப் பிளந்துகொண்டு தொங்கினேன். மாடு என்னைத் தொடக்கூட இல்லை.

முகேஷ் ஓடி வந்து உதவவில்லை. சிரித்துக்கொண்டே மொபைலில் எடுத்தான்.

நான் வீடு வந்து சேர்வதற்குள் படம் ஊரெல்லாம் போய்விட்டது. எவனோ பின்னாலிருந்த வண்டியையும் மாட்டையும் வெட்டிவிட்டு என்னை மட்டும் வைத்து வாட்ஸப் ஸ்டிக்கர் ஆக்கினான். மேலே "அண்ணன் எஸ்கேப்பு" என்று எழுத்து. கோயில் பங்கு மீட்டிங்குக்கு வர முடியாதவன் அதை அனுப்புவான். சீட்டுப் பணம் கேட்டால் அதை அனுப்புவான். டீக்கடையில் நான் நுழைந்தால் ஒருத்தன் பெஞ்சைப் பிடித்துத் தொங்கிக் காட்டுவான். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய முடியும்? சிரிக்காவிட்டால் இன்னும் சிரிப்பார்கள்.

அதையும் பொறுத்திருப்பேன், மேடம். என் மகள் ரீனாவுக்கு அப்போதுதான் மாப்பிள்ளை பார்த்து முடித்திருந்தோம். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரு குரூப். நிச்சயதார்த்தத்துக்கு மெனு யார் பார்ப்பது என்று என் மனைவி புஷ்பமேரி கேட்டாள். சம்பந்தியம்மா பதிலுக்கு அந்த ஸ்டிக்கரைப் போட்டார். அது அவர் சம்பந்தியின் படம் என்று தெரிந்தேதான் போட்டார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பக்கத்து அறையில் ரீனா சிரிக்கும் சத்தம் கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டு, அடக்க முடியாமல் சிரித்தாள். கடை ஸ்டூலில் உட்கார வைத்து லென்ஸ் துடைக்கக் கற்றுக்கொடுத்து வளர்த்த பிள்ளை. என்னை நினைத்துச் சிரித்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று பற்றியது அணையவே இல்லை. இப்போது பேசும்போதும் உள்ளே எரிகிறது. குரல் உயரவில்லை என்பதால் கோபம் இல்லை என்று எழுதிவிட வேண்டாம்.

அதன் பிறகுதான் நான் டிஎஸ்எல்ஆரை உறையில் போட்டுவிட்டு, பிரிட்ஜ் கேமராவை வாங்கிக் கேலரியில் உட்கார ஆரம்பித்தேன். முழங்கால் வலி என்று எல்லாரிடமும் சொன்னேன். வலி உண்டுதான்.

அப்படியிருக்க, அவன் என் எதிரில் உட்கார்ந்து அதே கேமராவைக் கேட்கிறான். கேலரியில் சொகுசாக உட்கார வேண்டுமாம்.

"அந்தப் பழைய படத்த மனசுல வச்சுக்கிறாதீங்கண்ணே. சும்மா தமாசுக்கு எடுத்தது."

"அட போடா, அத யாரு நெனச்சுக்கிட்டு இருக்கா" என்றேன்.

பிறகு யோசனை சொன்னேன். பிரிட்ஜ் கேமராவில் சென்சார் சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும், சாயங்கால வெளிச்சத்தில் படம் புள்ளி புள்ளியாக வரும், முழு ஜூமில் கை நடுக்கம் தெரியும், புழுதிக்குள் போகஸ் தடுமாறும் என்றேன். டிஎஸ்எல்ஆருக்குச் சென்சார் பெரிது, நாளைக்கு வேறு லென்ஸ் போட்டுக்கொள்ளலாம், கல்யாணத்துக்கும் ஆகும் என்றேன். எந்தக் கேமராக்காரனை வேண்டுமானாலும் கேளுங்கள், ஒரு வார்த்தை பொய் கிடையாது. அவன் இன்னும் தயங்கினான்.

"ஜூம்ல எடுக்கிறவன் வேடிக்கை பாக்கிறவன்டா. கிட்டப் போறவன்தான் போட்டோகிராபர்."

முகம் சிவந்துவிட்டது அவனுக்கு. "அம்மாட்ட என்னண்ணே சொல்ல?"

"தூரத்துல இருந்தே எடுக்கும்னு சொல்லு. அதுக்கு என்னா தெரியப் போகுது."

அது அவன் தாயிடம் சொன்ன பொய். நான் சொன்னது இல்லை.

வாங்கியதும் பெட்டியோடு என்னிடம்தான் வந்தான். அம்மா ராமுத்தாய் கேமராவுக்குக் குங்குமம் வைத்து அனுப்பியிருந்தாள். லென்ஸில் பதினெட்டு முதல் ஐம்பத்தைந்து வரை இருந்தது. பதினெட்டில் வைத்தால் பரந்த காட்சி கிடைக்கும், ஆனால் பக்கத்தில் இருப்பதெல்லாம் தள்ளிப்போய்ச் சின்னதாகத் தெரியும். மேசைக்கு எதிரே நின்று கண்ணை வைத்து என்னைப் பார்த்தான்.

"அண்ணே, நீங்க என்னமோ தெருவுக்கு அந்தப் பக்கம் நிக்கிற மாதிரி இருக்கீங்க" என்று சிரித்தான். கை நீட்டினால் என் மூக்கைத் தொட்டிருப்பான்.

உண்மையைச் சொல்கிறேன், அதுவரை என் மனசில் எந்தத் திட்டமும் இல்லை. அந்த நிமிஷம்தான் வந்தது. அவன் சொல்லித்தான் வந்தது.

அதற்குப் பிறகு நன்றாகவே கற்றுக்கொடுத்தேன். பதினெட்டிலேயே வை. இடது கண்ணை மூடு. வியூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுக்காதே, எடுத்தால் படம் போச்சு. மாடு பிரேம் நிறைய வரும்வரை அமுக்காதே. திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். ஜெபம் மாதிரி ஒப்பித்தான்.

எங்கே நிற்பது என்றும் கேட்டான். "வாடிவாசல எல்லாப் பயலும் எடுப்பான். நீ கலெக்‌ஷன் பாயிண்டுக்குப் போ. உடையப்பண்ணே மாட்டுக்குக் கயிறு போடுற நேரம், அந்தாளு மூஞ்சியப் பாரு. அது எவனுக்கும் கெடைக்காது. அவரு வண்டிக்குப் பக்கத்துல நில்லு, வெளிச்சம் நல்லா இருக்கும்."

வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் செவலையை நான் பல வருஷம் எடுத்திருக்கிறேன். அது கயிற்றுக்குப் போகாது. தன்னை ஏற்றிவந்த வண்டியைத் தேடித்தான் போகும். வழியில் எது நின்றாலும் குத்தும். அன்றைக்கு நான் ஏறித் தொங்கியதும் அதன் வண்டியில்தான் என்று பிறகு படங்களைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். உடையப்பனுக்குக்கூட அது தெரியாது.

ஜல்லிக்கட்டு அன்று நான் கேலரியில் மைக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எப்போதும் என் இடம் அதுதான். மைக்கில் பேசியவர் சிலுவைமுத்து. செவலையை அவிழ்த்தார்கள். பிடிக்க வந்தவர்கள் யாரும் நெருங்கவில்லை, நேரே கலெக்‌ஷன் பாயிண்டுக்குப் போய்விட்டது. நான் ஜூமை முழுசாக இழுத்து வைத்திருந்தேன். மாட்டின் முதுகும், அதைத் தாண்டி முகேஷின் முகமும் தெரிந்தன.

சிலுவைமுத்து மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டார். "யோவ் ராயப்பா, அங்கிட்டுக் கடைசியில கேமராவோட ஒருத்தன் நிக்கிறானே. ஒன் ஆளா? தள்ளிப் போகச் சொல்லவா?"

"யாருன்னு தெரியலையே. வெளியூர்க்காரனா இருப்பான். அவனுக்குத் தெரியாதா?" என்றேன்.

அவர் அடுத்த மாட்டின் பெயரைச் சொல்லப் போய்விட்டார்.

முகேஷ் கேமராவைத் தூக்கினான். இடது கண்ணை மூடினான். சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை. என் ஜூமில் மாடும் அவனும் ஒட்டிக்கொண்டு தெரிந்தார்கள். அவனுடைய பதினெட்டில் மாடு தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கும். பிரேம் நிறையட்டும் என்று காத்திருந்தான். உடையப்பன் கத்துவது தெரிந்தது, சத்தம் இங்கே வரவில்லை. கடைசியில் கேமராவை இறக்கி வாயைப் பிளந்தான். நான் ஷட்டரிலிருந்து விரலை எடுக்கவே இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டான்.

கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் என் கடையில்தான் அடித்தார்கள். நல்ல படமாக நானே பார்த்து எடுத்துக்கொடுத்தேன், காசு வாங்கவில்லை. ராமுத்தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "தூரத்துல இருந்தே எடுக்கிற கேமராதான்னு சொன்னானேப்பா. பெறகு எப்படிப்பா மாடு தொட்டுச்சு?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். பாவமாகத்தான் இருந்தது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்ததே இல்லை.

இதோடு முடிந்திருக்கும். யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. நானும் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

போன வாரம் கல்யாண ஜவுளி எடுக்க யார் யார் வருகிறார்கள் என்று குரூப்பில் பேச்சு. மாப்பிள்ளை மறுபடியும் என் ஸ்டிக்கரைப் போட்டார். டவுசரோடு தொங்குகிறேன். ஒரு வருஷத்துக்கு மேலாகியும் விடவில்லை. நான் அன்று எடுத்த படங்களில் ஒன்றைத் திறந்தேன். முகேஷ் வாயைப் பிளக்கும் படம். மாட்டை வெட்டி எடுத்துவிட்டு, அவனை மட்டும் வைத்து ஸ்டிக்கர் செய்தேன். ஓரமெல்லாம் சுத்தமாக வெட்டியிருந்தேன். எழுத்துக்கூடப் போடவில்லை. அனுப்பினேன்.

யாரும் பதில் போடவில்லை. ரீனா அறையிலிருந்து வெளியே வந்தாள். மொபைல் கையில் இருந்தது.

"அப்பா, இது நீங்க எடுத்ததா?"

"ஆமா."

"எங்க இருந்து?"

"கேலரியிலதான். வேற எங்க?"

"மைக்குக்குப் பக்கத்துலயா?"

 நான் எங்கே உட்காருவேன் என்று அவளுக்குத் தெரியும். அடுத்து, முகேஷுக்கு எந்தக் கேமரா வாங்கச் சொன்னீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். லென்ஸ் துடைத்து வளர்ந்தவள் இல்லையா, பதினெட்டைப் பற்றி அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறி ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள்.

நான்தான் செய்தேன், மேடம். கேமராவும் நான் சொன்னது, இடமும் நான் சொன்னது, மைக்கைத் தடுத்ததும் நான். அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவன் எனக்குச் செய்ததைத்தான் நானும் அவனுக்குச் செய்தேன், அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

ரீனா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் என்றீர்கள். எனக்காக அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். என் படத்துக்கு அப்படிச் சிரித்தவள், அவன் படத்துக்கு ஏன் சிரிக்கவில்லை?