படலை தாண்டினால் இருட்டு

— எத்தனை தரம் கேட்டாலும் ஒரே கதைதான், தம்பி ஸஜ்ஜாத். மீனவர் சங்கத் தலைவர் எண்ட முறையில நான் ஓம் எண்டு சொல்லமாட்டன். ஐஸ் அறையும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம் எண்டு உங்கட வெளிநாட்டுக்காரரிட்டப் போய்ச் சொல்லும்.

— அத நான் செல்லத் தேவல்ல, மைக்கல் அண்ணன். நீங்களே செல்லுங்க. ஆள் வந்திரிக்காரு.

— எங்க வந்தவர்?

— உங்கட வளவுக்குள்ளதான். பின்பக்கம்.

— என்ர வளவுக்குள்ளயோ? அப்ப ஏன் முன்னால வரேல்லை?

— அதச் செல்லத்தான் ஓடி வந்தன். முதல்ல குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்க.

— குடத்துக்க கிடக்கு, வாத்துக் குடியும். ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து என்னை மடக்கலாம் எண்டு நினைச்சீராக்கும்.

— வல்லாஹி இல்ல. கூட்டத்துக்கு நீங்க வரல்ல. அவரு நாளைக்குக் கொழும்புக்குப் போறாரு. தலைவர்ர சம்மதம் இல்லாமக் கட்டமாட்டன், அவர நேர காணணும் எண்டாரு. நான் ப்ரொஜெக்ட்ல மொழிபெயர்க்கிற ஆள்தானே, கூட்டிட்டு வந்தன். உங்கட மனச மாத்தணும் எண்டு எனக்கும் ஆசதான், மறைக்கல்ல. போன கிழம குறிஞ்சாக்கேணியில என்ட கூடப்பொறந்த காக்கா புடிச்ச மீனத் திரும்பக் கடலுக்கே கொட்டினாரு. ஐஸ் இல்ல.

— கேள்விப்பட்டனான்.

— அப்ப பணக்கார நாடு தாற எண்டா வாங்கினா என்ன, அண்ணன்? பெற்றோல், டீசல் இல்லாம நாம வரிசையில கிடந்த வருசம் பிள்ளைகளுக்கு மருந்து எங்கருந்து வந்த? அவங்கதானே அனுப்பின. அப்ப வேணாம் எண்டு நீங்க செல்லல்லையே.

— அவங்கள் தரத்தான் வேணும். தரவேண்டாம் எண்டு நான் ஒருநாளும் சொன்னதில்லை. எங்கட தேயிலையைக் குடிக்கிறாங்கள், எங்கட பெட்டையள் தைச்ச சட்டையைப் போடுறாங்கள். ஒரு உறவு கிடக்குத்தானே. ஆனால் பாரும் தம்பி, தொடங்கிப்போட்டு நடுவழியில விட்டிட்டுப் போறது இருக்கே, அது தராமல் விடுறதைவிடக் கொடுமை.

— முந்தி ஒரு ப்ரொஜெக்ட் தந்து பழுதாக் கிடக்கிற பழைய ஐஸ் மெஷினச் செல்றீங்களா?

— அதை விடும். ஆள் ஏன் என்ர பின் வளவுக்க நிக்குது? அதைச் சொல்லும்.

— அவருட பேர் எரிக். அவருக்கு வலக்கண் மாத்தின கண், அண்ணன். கிண்ணியாப் பாலத்தில வரக்குள்ள அவரே செல்லிட்டு வந்தாரு. கொரோனாக்கு முந்தின வருசம் ஒபரேசனாம். கண் இந்த நாட்டிலருந்து போனதாம். ஆருட எண்டு செல்ல மாட்டாங்களாம். நாங்க உங்களுக்கு உதவுற எண்டு எல்லாரும் கதைக்காங்க, எனக்கு முதல்ல உதவினது நீங்கதான் எண்டு சிரிச்சாரு. அதுக்காகத்தான் இந்த வேலையக் கேட்டு எடுத்தாராம்.

— கொரோனாக்கு முந்தின வருஷமோ?

— என்ன அண்ணன்?

— ஒண்டுமில்லை. பிறகு?

— சீனன்குடா தாண்டும்வரைக்கும் நல்லாத்தான் வந்தாரு. உங்கட சந்திக்கு வந்ததும் ஓட்டோவ நிப்பாட்டச் செல்லிட்டுக் கேக்காரு, கடைக்கு முன்னால பெரிய புளியமரம் ஒண்டு நிண்டதே, எங்க எண்டு. இதுக்கு முதல் வந்திரிக்கீங்களா எண்டன். இல்லையாம். நான் இறங்கிக் கடக்காரரிட்டக் கேட்டன். மரம் நிண்டது உண்மதானாம். யுத்தம் முடியுற காலத்தில வெட்டினதாம்.

— ஓம். நல்ல நிழல் மரம்.

— பிறகு ஒழுங்கைக்குத் திரும்பினம். பேச்சு நிண்டுட்டு. வலக்கண்ணப் பொத்துறாரு, எடுக்காரு. வெயில் கொளுத்துது, அவரு மழ வருதா எண்டு கேக்காரு. இந்தக் கண்ணுக்குள்ள இருட்டுது எண்டாரு. உங்கட வீட்டுக்குக் கிட்ட வர வர இருட்டுக் கூடுதாம். ஆஸ்பத்திரிக்குப் போவமா எண்டன். நோவில்ல, வேணாம் எண்டாரு. படலையடியில இறங்கக்குள்ள அந்தக் கண்ணுக்கு ஒண்டுமே தெரியல்ல. மை மாதிரி எண்டாரு.

— மற்றக் கண் தெரியுந்தானே. அதால பார்த்து நடந்திருக்கலாமே.

— அதுதான் அண்ணன் எனக்குப் பயம். அவரு கைலேஞ்சித் துணிய எடுத்து அந்த நல்ல கண்ணக் கட்டிட்டுத்தான் நடந்தாரு.

— கட்டிப்போட்டோ?

— இறுக்கிக் கட்டிட்டு. நான் கையப் புடிக்கப் போனன், விடல்ல. உங்கட படலையத் தள்ளினன், எனக்குத் திறபடல்ல. அவரு கைய உள்ளுக்கு விட்டுக் கொளுக்கியத் தூக்கினாரு, திறந்துட்டு. உள்ள வந்தவரு முன்வாசலுக்கு வரல்ல. மதிலத் தடவிட்டு அப்பிடியே பின்பக்கம் போனாரு.

— எப்பிடித் தடவினவர்?

— எப்பிடி எண்டா?

— உள்ளங்கையாலயோ, புறங்கையாலயோ எண்டு கேக்கிறன்.

— புறங்கையால. ஓம், புறங்கையாலதான். ஏன் அண்ணன்?

— சொல்லும், சொல்லும்.

— முருங்கமரத்தடியில வந்ததும் தலையக் குனிஞ்சி போனாரு. நான் பின்னால போறன், அங்க தலையில இடிக்க ஒண்டுமே இல்ல.

— அதில ஒரு கொப்பு கிடந்தது. போன வருஷம்தான் நான் வெட்டினனான்.

— லா இலாஹ இல்லல்லாஹ்.

— நாய் குரைக்கேல்லையோ? சீசர் புது ஆக்களை விடாதே.

— குரைக்கல்ல. எழும்பி வந்து அவருக்கு முன்னால நடந்திச்சு. அவரு நிண்டா அதுவும் நிக்குது. அவரு நடந்தா அதுவும் நடக்குது.

— எங்க போய் நிண்டவர்?

— கிணத்தடியில. கிணத்துக் கட்டு மேல குந்திட்டாரு. வெயில் படட்டும் எண்ட மாதிரி முகத்த மேல தூக்கி வெச்சிட்டு இரிக்காரு. பேர் செல்லிக் கூப்பிட்டன். சத்தம் போடாதே எண்டு கையக் காட்டினாரு. என்ன தெரியுது எண்டு கேட்டன். ஒண்டும் தெரியல்ல, ஆனா இந்த இடத்தில எனக்குப் பயமில்ல எண்டாரு. அதக் கேட்டதும் ஆயத்துல் குர்ஸி ஓதி ஓதித்தான் இஞ்சால வந்தன்.

— பயப்பிடாதையும். இந்தக் கதிரையில இரும்.

— இது என்ன அண்ணன், ஜின்னா? இந்த வீட்டில என்ன இரிக்கு?

— இந்த வீட்டில இப்ப நான் மட்டும்தான். முந்தி மக்டலின் இருந்தவள். கொரோனாக்கு முந்தின மாரிக்குள்ள செத்துப்போனாள்.

— உங்கட வீட்டம்மா. தெரியும். அவங்கள நான் கண்டதில்ல, மையத்து அடக்கத்துக்கும் வரக் கிடைக்கல்ல.

— கண்ணைக் குடுக்கவேணும் எண்டு அவள்தான் சொல்லி வைச்சவள். மூச்சு அடங்கின கையோட வந்து எடுத்துக்கொண்டு போனவை. இது ஆருக்கும் உதவுமோ பிள்ளை எண்டு அந்த டொக்டரிட்டக் கேட்டனான். கண்ணுக்கு முன்னுக்கிருக்கிற சவ்வைத்தான் எடுக்கிறது ஐயா, அது கண்ணாடி மாதிரி நல்ல தெளிவாக் கிடக்கு எண்டவ. ஒண்டு கண்டியில ஒருத்தருக்காம். மற்றதை வெளிநாட்டுக்கு அனுப்பினது எண்டு பிறகு அறிஞ்சனான்.

— அப்ப அவருட கண்... இரிங்க அண்ணன். அவங்கட கண் எண்டா இந்த வீடு நல்லாத் தெரியணுமே. இல்லாமப் போன புளியமரம் தெரிஞ்ச கண்ணுக்கு, இரிக்கிற வீடு ஏன் தெரியல்ல?

— ஐஸ் மெஷினாலதான் எனக்குக் கோவம் எண்டு சங்கத்தில கதைக்கிறீங்கள், என்ன?

— எல்லாரும் அப்பிடித்தான் நினைக்கிற.

— மெஷினோட ஆர் கோவிக்கிறது. யுத்தம் முடிஞ்ச புதுசில ஒரு வெளிநாட்டு அமைப்பு வந்து, பள்ளிக்கூட மைதானத்தில கூடாரம் அடிச்சு எல்லாருக்கும் கண் பார்த்தது. நல்ல சனங்கள், பொய் சொல்லக்கூடாது. மக்டலினுக்குக் கண்ணுக்குள்ள அழுத்தம் கூடிப்போச்சு, விட்டால் உள் நரம்பு செத்துப்போகும், துளி மருந்தைச் சாகும்வரைக்கும் நிப்பாட்டக்கூடாது எண்டிச்சினம். மாதாமாதம் அவையே குடுத்தவை. ஒருநாள் போறம், கூடாரம் இல்லை. திட்டம் முடிஞ்சுதாம்.

— மருந்து?

— நான் அலையாத இடம் இல்லை. கிடைச்ச மாதம் கிடைச்சுது. கிடைக்காத மாதம், கிடந்த போத்தலைக் கவிட்டுப் பிடிச்சுக்கொண்டு இருந்தாள். ஆனால் ஒருநாளும் அவையைத் திட்டேல்லை. அவை வந்தபடியால்தானே என்ன வருத்தம் எண்டு தெரிஞ்சது எண்டுவாள். திட்டினது நான்தான். இண்டைக்கும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறன்.

— அண்ணன், நீங்க என்ன செல்ல வாறீங்க?

— பொறும். முதல்ல உம்மட அலுவலைக் கேளும். ஐஸ் அறைக்கு நான் ஓம். ஆனால் எங்கட பிள்ளையளுக்குப் பழுதுபார்க்கப் பழக்கவேணும். அது எங்கட கையில ஒழுங்கா ஓடுற நாள்வரைக்கும் நிண்டுதான் அவை போகவேணும். பாதியில வந்து, திட்டம் முடிஞ்சுது எண்டு எனக்குச் சொல்லக்கூடாது. அதை நானே அவரிட்டச் சொல்லுறன், நீர் இங்கிலீசில மாத்தும்.

— மாத்துறன், இன்ஷா அல்லாஹ். ஆனா அவரு கண் கெட்டுப்போச்சு எண்டு நினைச்சிட்டு இரிப்பாரே. அதுக்கு நான் என்னண்டு விளங்கப்படுத்துற?

— கண்ணில பழுதொண்டும் இல்லை எண்டு சொல்லும். ஒழுங்கையை விட்டு வெளிய போனால் திரும்பத் தெரியும். முந்திச் சந்திக்கு அங்கால இருந்தனாங்கள், மக்டலினுக்கு ரெண்டு கண்ணும் போன பிறகுதான் இந்த ஒழுங்கைக்குக் குடிவந்தனாங்கள். அந்தக் கண் இந்த வீட்டை ஒருநாளும் பார்த்ததில்லை, தம்பி.