பன்னிரண்டாவது பூ

அவைக்குத் தலைமை தாங்கும் அவுஸ்மா அம்மையார் அவர்களே, அடிலெய்டு வெயிலில் காய்ந்தும் தாய்நாட்டு ரீகாவின் குளிரை மறக்காத பெரியோர்களே, காலை முதல் இந்தக் கூடத்தை மணக்க வைத்திருக்கும் தாய்மார்களே, நம் மொழி பாதிதான் புரிந்தாலும் பொறுமை காக்கும் பின்வரிசை மருமகன்களே, முன்வரிசையில் முகம் சிவக்க அமர்ந்திருக்கும் எங்கள் ஓவியர் விஸ்வால்டிஸ் அவர்களே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

எங்கே பிறந்தார் இவர்? ரீகாவில். எங்கே வரைந்தார்? போர் துரத்திய பாதையெல்லாம் வரைந்தார். ஜெர்மனி அகதி முகாமில் அடுப்புக்கரியால் வரைந்தார். கப்பலில் அட்டைப்பெட்டி மேல் வரைந்தார். இங்கே வந்து, பகலில் கார் தொழிற்சாலையில் கதவுகளுக்குப் பெயின்ட் அடித்துவிட்டு, மாலையில் துணி விரித்து வரைந்தார். நாம் என்ன செய்தோம்? நம் ஊர்ப் பிர்ச் மரம்தான் வேண்டும் என்றோம். வாசலில் நின்ற யூகலிப்டஸை அவர் வரைந்தபோது, "ஏன்யா, உன் மரத்துக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டவர் நம் கார்லிஸ். சிரிக்காதீர்கள், அவர் இங்கேதான் இருக்கிறார்.

துறைமுக நெரிசலில் கைநழுவிப் போன மனைவி மிர்ட்சாவைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை. போட்ட கடிதங்கள் எல்லாம் திரும்பி வந்தன. ஆனாலும் ஆண்டுதோறும், மிர்ட்சா என்ற பெயருக்கென்று நம் நாட்காட்டியில் குறித்திருக்கும் பெயர்நாளில் ஒரு பூங்கொத்து வரைவார். எப்போதும் ஒற்றைப்படை. உயிரோடிருப்பவருக்கு ஒற்றைப்படையில் பூ, மறைந்தவருக்கு இரட்டைப்படையில் பூ. உங்களுக்கா சொல்கிறேன்? மருமகன்களுக்குச் சொல்கிறேன். மாமியாரின் பிறந்தநாளுக்கு ஒரு டஜன் ரோஜாவை நீட்டி நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டவர் ஒருவர் அங்கே நெளிகிறார்.

அந்தப் பூங்கொத்துகளில் ஒன்று, பதினொரு டெய்சிப் பூக்கள், நகரத்து ஓவியக்கூடத்துக்காரர் ஒருவர் கண்ணில் பட்டது. மெல்போர்ன், சிட்னி என்று ஊர் ஊராகப் போகும் கண்காட்சியில் இதுதான் முதல் படம் என்றார். ஒரே ஒரு திருத்தம் கேட்டார். வலது மூலை வெறிச்சென்று இருக்கிறது, இன்னும் ஒரு பூ வேண்டும் என்றார். விஸ்வால்டிஸ் முடியாது என்றார்.

நம் மன்றமே அவர் வீட்டுக்குப் படையெடுத்தது.

"ஒரு பூதானேப்பா, கை வலிக்குமா?" என்றார் நம் அப்போதைய தலைவர்.

"அதை வரைஞ்சா, அவ செத்துட்டான்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி."

"உசுரோட இருக்கான்னு உனக்கு யாரு சொன்னா?"

"செத்துட்டான்னு உனக்கு யாரு சொன்னா?"

யாரோ கேட்கிறீர்கள், ஒன்றுக்குப் பதில் இரண்டு பூ கூட்டி வரைந்திருக்கலாமே என்று. ஐயா, அன்றைக்கே கார்லிஸ் அதைக் கேட்டார். இவரும் பதின்மூன்றாக வரைந்து காட்டினார். நெரிசலாக இருக்கிறது என்று ஓவியக்கூடத்தார் சொல்லிவிட்டார்கள். கண்காட்சி இவரை விட்டுவிட்டுப் புறப்பட்டது. இவர் மறுநாள் காலை கார் கதவுக்குப் பெயின்ட் அடிக்கப் போனார்.

பல ஆண்டுகள் கழிந்தன. சுற்றுலா அனுமதி கிடைத்து இவரும் எங்களில் சிலரும் ரீகா போனோம். இவர் வீட்டுத் தெருவின் பெயரை, ஊரைப் பிடித்த அன்னிய ஆட்சி மாற்றியிருந்தது. கடிதங்கள் திரும்பிய காரணம் அப்போதுதான் விளங்கியது. ஆனால் கால்களுக்குப் பெயர்ப்பலகை வேண்டுமா? நேரே பழைய வீட்டின் முன் போய் நின்றார். பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"மிர்ட்சாவா? இன்னைக்குக் கல்லறைத் திருநாளாச்சே. புருஷன் கல்லறைக்குப் போயிருக்கா. பாவம், கப்பல் முழுகிச் செத்துட்டாராம்."

இவர், "அந்தப் புருஷன் பேரு என்ன?" என்றார்.

"விஸ்வால்டிஸ்."

"அப்போ சரி," என்றார் இவர்.

மரங்கள் அடர்ந்த கல்லறைத் தோட்டம். இவருடைய பெற்றோரின் கல்லிலேயே இவர் பெயரும் வெட்டியிருந்தது. சுற்றிலும் மணலைச் சீராக வாரிவிட்டு, ஆறு பூக்களை வைத்துக்கொண்டிருந்தார் மிர்ட்சா. அலறவில்லை, மயங்கவில்லை. வாரிய மணலில் ஒரு செருப்புக்கால் பதிவதைப் பார்த்து, "மிதிக்காதீங்க," என்றார். பிறகுதான் முகத்தைப் பார்த்தார். இவர் குனிந்து, அந்தப் பூக்களில் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "இப்போ கணக்கு சரி மிர்ட்சா," என்றார். நாங்கள் எல்லாரும் அங்கே நின்று அழுதோம். சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பெரியோர்களே, ஒரு பூவில் புகழைத் தொலைத்தாரே என்று இன்றும் அங்கலாய்ப்பவர்களே, நான் கேட்கிறேன். ஆதாரம் இருந்ததா இவரிடம்? இல்லை. ஆறுதல் இருந்ததா? இல்லை. ஆதரித்துப் பேச நாமாவது இருந்தோமா? அதுவும் இல்லை. இருந்தது ஒரு தூரிகை, ஒரு பிடிவாதம். அன்று அந்த ஒரு பூவுக்கு இவர் கை பணிந்திருந்தால், படம் ஊர் ஊராகப் போயிருக்கும். இவர் ரீகாவுக்குப் போயிருப்பாரா? மனத்தில் புதைத்துவிட்டவளைத் தேடி எவன் கதவைத் தட்டுவான்?

இன்னும் பேச எனக்கு ஆசைதான். ஆனால் அனுமதிக்காக அலைந்து அலைந்து, கடைசியில் இந்த ஊருக்கே வந்து சேர்ந்த மிர்ட்சா அம்மையார் சமையலறை வாசலில் கரண்டியோடு நிற்கிறார். பன்றிக்கறி ரொட்டி ஆறுகிறது, போதும் இறங்கு என்று கை காட்டுகிறார். அழைத்த மன்றத்துக்கும், சிரித்த உங்களுக்கும், கடைசிவரை சிரிக்காத கார்லிஸுக்கும் நன்றி சொல்லி அமர்கிறேன். வணக்கம்.