தென்மேற்கு மூலை

தேநீருக்குச் சீனி வேண்டாம், ஐயா. எனக்கு நீரிழிவு. வாக்குமூலத்தை நீங்கள் மெதுவாகவே எழுதுங்கள், எனக்கு அவசரமில்லை.

பெயர் இன்னாசித்தம்பி. குருநகரில் முப்பத்திரண்டு வருடமாக மேசன் வேலை. கொங்கிறீற் போடுவதுதான் பெரிய வேலை என்று சனம் நினைக்கிறது. உண்மையான வேலை அதற்கு அடியில் இருக்கிறது. முதலில் இளகிய மண்ணை வாரி எறிய வேண்டும். பிறகு கிரவலை நாலு அங்குலத்துக்குப் பரவி, அளவாக நனைத்து, இடிக்கும் இயந்திரத்தைக் குறுக்கும் நெடுக்கும் ஓட்ட வேண்டும். அது இறுகின பிறகுதான் அடுத்த நாலு அங்குலம். ஒரேயடியாகக் கொட்டி இடித்தால் மேல் மட்டுமே இறுகும். குதிக்காலை ஊன்றி மிதித்துப் பார்ப்பேன். தடம் விழுந்தால் மறுபடியும் இடிப்பேன்.

அம்மா சாகும்போது தங்கை ஜெயனிக்கு ஏழு வயது. நான்தான் வளர்த்தேன். கடலுக்குப் போகிற ஜெரிசனை அவளாக விரும்பிக் கட்டினாள். நான் மறுப்புச் சொல்லவில்லை. என்னிடம் யாரும் கேட்கவுமில்லை.

ஆவணியில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வரும்போது அவளுடைய முழங்கைக்கு மேலே நீலமாகக் கன்றிப்போயிருந்ததைக் கண்டேன்.

"உது என்ன பிள்ளை?"

"உடுப்புத் தோய்க்கிற இடத்திலை ஒரே பாசி, அண்ணை. வழுக்கி விழுந்திட்டன்."

"அவன் அடிச்சவனோ?"

அவள் சிரித்துவிட்டாள். "உங்களுக்கென்ன விசரோ? அவர் என்னோடை உரத்துக்கூடக் கதைக்கிறேல்லை."

அடி வாங்குகிற பெண்கள் அப்படித்தான் சொல்வார்கள். அவள் சிரித்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

இரண்டு கிழமை கழித்து ஜெரிசனே என்னைத் தேடி வந்தான்.

"மச்சான், ஜெயனி அந்தப் பாசியிலை விழுந்து எழும்புறாள். அதிலை நல்லதாய் ஒரு கொங்கிறீற் போட்டுத் தாங்கோ. மேலை தண்ணித் தாங்கியும் வைச்சால் அவள் கிணத்திலை அள்ளத் தேவையில்லை."

செய்ததை மறைக்க ஒரு மனிதன் எவ்வளவு தூரம் போகிறான் என்று நினைத்துக்கொண்டேன். "ஓம், செய்து தாறன்" என்றேன்.

தோய்க்கிற அந்த இடத்தின் தென்மேற்கு மூலையில் பழைய கக்கூசுக் குழி ஒன்று இருந்தது. முன்பு இருந்தவர்கள் குப்பையும் மணலும் போட்டு மூடியிருந்தார்கள். கம்பியைக் குத்தினேன், நாலடிக்குத் தடையில்லாமல் இறங்கியது. மற்ற மூன்று மூலைகளையும் முறைப்படி அடுக்கடுக்காக இடித்தேன். இந்த மூலையில் கிரவலை மொத்தமாகக் கொட்டி, மட்டப்பலகையால் இழுத்துவிட்டேன். ஜெரிசன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த மூலைக்கு மெசின் ஓடேல்லையே, மச்சான்?"

"அது முந்தியே இறுகின நிலம்."

"நீங்கள் சொன்னால் சரிதான்" என்றவன், உள்ளே போய்த் தேசிக்காய் பிழிந்து தண்ணி கரைத்துக்கொண்டு வந்து தந்தான். நல்ல வெயில். குடித்தேன்.

அந்தப் பக்கத்துக்குக் கம்பியையும் குறைத்துத்தான் கட்டினேன். கொங்கிறீற் காய்ந்த பிறகு எட்டடியில் நாலு தூண் எழுப்பி, ஆயிரம் லீற்றர் தாங்கியை ஏற்றினேன். குழாயைத் தென்மேற்குப் பக்கம் வைத்தேன். கடலுக்குப் போய் வந்ததும் ஜெரிசன் குழாயடியில் குந்தியிருந்து குளிப்பான்.

நான் அவனைத் தொடவில்லை. மாரி தொடங்கியது, மழைத் தண்ணீர் உள்ளே இறங்கியது, மண் அமிழ்ந்தது. கார்த்திகையில் ஒரு காலை அந்த மூலைத் தூண் புதைந்து, தாங்கி முழுத் தண்ணீரோடு சரிந்தது. குழாயடியில் குளித்துக்கொண்டிருந்த ஜெரிசன் அந்த இடத்திலேயே முடிந்துபோனான்.

சற்றுமுன் கேட்டீர்கள், "அதிலைதானே உங்கடை தங்கச்சி உடுப்புத் தோய்க்கிறவா?" என்று. ஓம். அவள் பத்து மணிக்குப் பிறகுதான் தோய்ப்பாள். மாரியில் வெயில் கண்ட நேரமெல்லாம் தோய்ப்பாள் என்று நீங்கள் சொல்கிறீர்கள். இருக்கலாம்.

அடக்கம் முடிந்து வந்து ஜெயனி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நான் அண்டைக்கு வழுக்கி விழாமல் இருந்திருந்தால் அவர் உந்தத் தாங்கியைக் கட்டுவிச்சிருக்கவேமாட்டார், அண்ணை. என்னாலைதான்." செத்த பிறகும் அவனைக் காப்பாற்றுகிறாளே என்று எனக்கு இரக்கமாக இருந்தது. தலையைத் தடவிவிட்டேன்.

ஒருவரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. பிறகு ஏன் நானாக வந்தேன் என்று நீங்கள் யோசிப்பது தெரிகிறது. விசாரணை அறிக்கையை எனக்கு வாசித்துக் காட்டினார்கள், ஐயா. அடித்தளம் கவனயீனமாகப் போடப்பட்டது என்று அதில் எழுதியிருக்கிறது. சந்தையிலும் அதே கதைதான். எனக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்த அடைக்கலநாதன் தன் வீட்டு வேலையை வேறு மேசனுக்குக் கொடுத்துவிட்டார். முப்பத்திரண்டு வருடத்தில் நான் ஒரு வேலையையும் கவனயீனமாகச் செய்ததில்லை. குழி எங்கே கிடக்கிறது, எவ்வளவு பாரம் ஏறினால் எந்தப் பக்கம் சரியும், எல்லாம் எனக்குத் தெரியும். அந்தச் சொல்லை வெட்டிவிட்டு, வேண்டுமென்றே கொன்றான் என்று எழுதுங்கள். கையெழுத்து வைக்கிறேன்.